இன்டர்ன்ஷிப்பும் ஆராய்ச்சியும்: நெல்லைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். இன்டர்ன்ஷிப் போகிற பிள்ளைகளுக்குக் கடிதம் கொடுக்கும் பொறுப்பும் சில வருஷங்களாக என்னிடம் இருக்கிறது. தீபாவளி முடிந்த கையோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் கூட்டம் சேரும். கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். அறிவியல் பிள்ளைகள் கேட்டவைதான் அதிகம். தமிழ், வரலாறு படிப்பவர்களுக்குக் கீழே தனியாக ஒன்று உண்டு.

சார், இன்டர்ன்ஷிப், புராஜெக்ட், ட்ரெயினிங் எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. இன்டர்ன்ஷிப் என்றால் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்துக்குப் போய், அவர்கள் வேலையில் ஒரு சின்னப் பங்கைச் செய்வது. புராஜெக்ட் என்றால் கேள்வி உன்னுடையது. கைடு வழிகாட்டுவார், மார்க் உண்டு. ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் இரண்டுக்கும் நடுவில் வரும். இடம் அவர்களுடையது, கேள்வியில் உனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கும். பஸ் பிடித்து ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்புவது இதில் எதிலும் சேராது.

யுஜிசி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இளநிலை மாணவருக்கு நான்காவது செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேர இன்டர்ன்ஷிப் என்றும், அதற்கு 2 முதல் 4 கிரெடிட் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கல்லூரி இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாடத்திட்டப் புத்தகத்தில் பார். சீனியர் சொன்னதை நம்பாதே. அவர் படித்த திட்டம் வேறு.

ஃபைனல் இயர்ல பாத்துக்கலாம்லா? இப்பவே என்ன அவசரம்?

கோடை இன்டர்ன்ஷிப் மே, ஜூனில் நடக்கும். ஆனால் விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று ஊர்களின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துக்கு வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஐஐடி மெட்ராஸ் மாதிரி இடங்கள் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அழைக்கும். ஏப்ரலில் வந்து “எங்கேயாவது சேத்து விடுங்க சார்” என்றால் நான் எங்கே போவேன்?

இன்னொன்று, மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் நீ எந்தக் கல்லூரி மாணவனும் இல்லை. பல திட்டங்கள் அப்போது படித்துக்கொண்டிருப்பவரைத்தான் எடுக்கும். ஆகவே பி.எஸ்சி.யில் இரண்டாம் ஆண்டுக் கோடையும் எம்.எஸ்சி.யில் முதலாம் ஆண்டுக் கோடையும்தான் கையில் இருக்கும் உண்மையான வாய்ப்பு.

திருநெல்வேலில இருந்துக்கிட்டு என்னத்த ஆராய்ச்சி பண்ண? எல்லாம் சென்னை பெங்களூர்லதான இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன். பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நவி மும்பையில் தலைமையகம் உள்ள நிறுவனம் இங்கே வந்து ஏன் கூடம் போட்டது? பூமியின் காந்தப்புல நடுக்கோடு நம் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டி, தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. தரையில் உள்ள காந்தமானியிலேயே அது தெரியும். பொழுது சாய்ந்த பிறகு அதே வான்பகுதியில் உண்டாகும் குழப்பம் ஜிபிஎஸ் சிக்னலைக் குலைக்கும். இதைப் படிக்க உலகத்தில் சில இடங்கள்தான் தோது. அதில் ஒன்று நம் ஊர் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. இயற்பியல் மாணவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பின் அகத்தியமலை மையம் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்களை வைத்து நடத்துகிறவர்கள் அவர்கள். மாணவர்கள் போய்க் கலந்துகொள்ளலாம். அம்பாசமுத்திரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம். நம் வீட்டில் பொங்கும் அம்பை 16 அங்கே பிறந்ததுதான். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி, கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். பாளையங்கோட்டையில் மட்டும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அலோபதி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

இவை எதிலும் இடம் கிடைக்கவில்லை என்றாலும் ஆறு இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருவதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது தாமிரபரணி. பாபநாசத்தில் பரிகாரத்துக்கு விட்ட துணி, கொக்கிரகுளத்தில் கலக்கும் சாக்கடை, கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்குப் பங்கிடும் தண்ணீர், ஆதிச்சநல்லூரின் தாழிகள், எல்லாம் ஒரே கரையில்தான். வேதியியல், விலங்கியல், புள்ளியியல், வரலாறு எது படித்தாலும் இங்கே ஒரு கேள்வி கிடைக்கும். சென்னை போவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது கையில் ஒரு சின்ன வேலையாவது முடித்த கையோடு போ என்கிறேன்.

அங்கெல்லாம் சேர யாரையாவது தெரிஞ்சிருக்கணுமா? சிபாரிசு வேணுமா?

தெரிந்தவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மெயில் போதும். “யுவர் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷன்” என்று தொடங்கி, அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய மெயிலை எந்த விஞ்ஞானியும் திறந்து பார்க்க மாட்டார். ஒருவருக்கு ஒரு மெயில், அதில் ஐந்தாறு வரி. நீ யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று ஒரு வரி. அவர் எழுதிய கட்டுரையில் எதைப் படித்தாய், அதில் உனக்கு என்ன சந்தேகம் வந்தது என்று இரண்டு வரி. நீ இதுவரை செய்தது என்ன, உனக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒரு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும் என்று ஒரு வரி. ஒரு பக்க ரெஸ்யூமே இணைப்பு. முடிந்தது.

அந்தச் சந்தேக வரிதான் முக்கியம். “உங்கள் கட்டுரையில் ஜனவரி கணக்கெடுப்பு மட்டும் இருக்கிறது, பிசான அறுவடைக்குப் பிறகு குளம் வற்றும்போது இந்தப் பறவைகள் எங்கே போகின்றன?” என்று கேட்டால், இவன் படித்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பு. அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவருக்கு எழுது. இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. அவர்கள் இன்பாக்ஸ் அப்படி.

மெயிலை ஏஐ எழுதித் தரட்டுமா என்று இப்போது கேட்கிறார்கள். இலக்கணம் திருத்த வைத்துக்கொள். சந்தேக வரியை அதனிடம் கேட்டு எழுதினால், அவர் போனில் அதையே திருப்பிக் கேட்கும்போது மாட்டிக்கொள்வாய்.

அரசு நிறுவனங்களுக்கு, முக்கியமாக இஸ்ரோ மாதிரி இடங்களுக்கு, மெயில் மட்டும் போதாது. கல்லூரி வழியாகக் கடிதம், நீ அங்கே படிப்பதற்கான போனஃபைட் சான்று, அடையாள அட்டை நகல், சில சமயம் போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கேட்பார்கள். முன்கூட்டியே தயார் செய்.

மேடம்கிட்ட ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்டா “பாக்கலாம்”னுட்டுப் போயிடுதாங்க. என்ன பண்ண?

நாளைக்குக் கடைசி நாள் என்று இன்றைக்குக் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். இரண்டு வாரம் முன்பே கேள். கேட்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடு: அவர் வகுப்பில் என்ன செமினார் எடுத்தாய், எந்தப் பரிசோதனையைத் தப்பாகச் செய்து பிறகு திருத்தினாய், எதற்கு விண்ணப்பிக்கிறாய். எழுபது பேர் உள்ள வகுப்பில் உன்னைப் பற்றித் தனியாக எழுத எங்களுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். அது இல்லாமல் எழுதினால் “நல்ல ஒழுக்கமுள்ள மாணவர்” என்றுதான் வரும். அப்படிப்பட்ட கடிதம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நான் பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பேச வரல்லயே சார்.

பேச்சு பிறகு வரும், முதலில் வாசிப்பு. ஓர் ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தால் மூன்றாவது பத்தியில் தூக்கம் வரும். சுருக்கத்தைப் படி, உடனே படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போ. ஒவ்வொரு படத்துக்கும் கீழே “இது என்ன சொல்கிறது” என்று தமிழிலேயே ஒரு வரி எழுது. அப்புறம் மற்றதைப் படி. ஒரு துறையில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் அதிகம் இல்லை. ஐந்தாறு கட்டுரை படித்ததும் பழகிவிடும்.

பேசுவதற்கு, உன் புராஜெக்டைப் பற்றி ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகு. பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டாம், உன் வேலையைப் பற்றி மட்டும். ஆய்வுக்கூடங்களில் வங்காளி, மலையாளி, மராத்தி எல்லாரும் அவரவர் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

62 பர்சன்ட்தான் இருக்கு, ஒரு அரியர் வேற. எனக்கெல்லாம் கிடைக்குமா?

போட்டி வைத்து எடுக்கும் பெரிய திட்டங்களில் கஷ்டம், அதை மறைக்க வேண்டாம். மார்க்கைப் பார்த்துத்தான் முதல் சுற்றில் கழிப்பார்கள். ஆனால் உள்ளூர் ஆய்வு மையங்களும், தனியாக மெயில் எழுதிப் பிடிக்கிற ஆய்வாளர்களும் செய்த வேலையைப் பார்ப்பார்கள். அரியரை முதலில் முடி. விண்ணப்பத்தில் அதை ஒளிக்காதே, மதிப்பெண் பட்டியலில் தெரியத்தான் போகிறது.

ஆன்லைன்ல தொள்ளாயிரம் ரூபா கட்டினா ஒரு மாச இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தாராங்களே, அது போதாதா?

காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு வீடியோ, ஒரு வினாடி வினா, தங்க நிற பார்டர் போட்ட சான்றிதழ். கிரெடிட்டுக்காகத் தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு அதை வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து நேர்முகத்தில் “அங்கே என்ன செய்தாய்?” என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் என்பிடெல், ஸ்வயம் என்ற இணையப் பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் காசில்லை, பரீட்சைக்கு மட்டும் கட்டணம். அரசின் நான் முதல்வன் திட்டமும் கல்லூரிகளில் நடக்கிறது. அவற்றைப் பயிற்சி என்றே ரெஸ்யூமேயில் போடு, இன்டர்ன்ஷிப் என்று போடாதே.

ஸ்டைபண்ட் தருவாங்களா? இல்லன்னா தங்க, சாப்பிட எங்க போவேன்?

பெரிய திட்டங்கள் பெரும்பாலும் உதவித்தொகை தரும், விடுதியும் தரும். தனியாக மெயில் எழுதிப் போகும்போது பெரும்பாலும் கிடைக்காது. அதனால் மெயிலில் கேட்க வெட்கப்பட வேண்டாம், அவர்கள் சரி என்று சொன்ன பிறகு “விடுதி வசதி உண்டா?” என்று நேராகக் கேள். பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்தில் வந்து அடிப்படை அறிவியல் படிக்கிறவர்கள் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்கியிருப்பார்கள். ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியது. அதை வாங்கிக்கொண்டே ஆராய்ச்சிக்குப் போகாதவர்கள் நம் ஊரில் உண்டு.

இறுதியாண்டுப் புராஜெக்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டம் இருக்கிறது. சிறிய தொகைதான், ஆனால் ரசாயனம் வாங்கவும் பஸ்ஸுக்கும் ஆகும். கைடு மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் அதைத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய், வயது 21 முதல் 24 என்று வைத்தார்கள். முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்றும் சொன்னார்கள். ஆகவே அப்போது அது படிப்பு முடிந்தவர்களுக்கான கணக்காகத்தான் இருந்தது.

பொம்பளப் பிள்ளய ரெண்டு மாசம் தனியா பெங்களூருக்கு அனுப்பச் சொல்லுதியளே சார், சரியா வருமா?

இது அப்பாக்கள் கேட்பது. கேட்பதில் தப்பில்லை. அண்ணாச்சி, நான் சொல்வது இதுதான்: முதலில் வளாகத்துக்குள்ளேயே பெண்கள் விடுதி உள்ள நிறுவனமா என்று பாருங்கள். கல்லூரிக்கு வந்த அனுமதிக் கடிதத்தில் நிறுவனத்தின் பெயர், வழிகாட்டியின் பெயர், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கும் நாளில் நீங்களும் கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு என்று ஒன்று, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் சட்டப்படி இருக்க வேண்டும், அதன் தொடர்பு விவரத்தைப் பிள்ளை குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் முதல் வருஷம் மணிமுத்தாறு, ஆழ்வார்குறிச்சி என்று பக்கத்தில் போகட்டும். தினம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்று முடித்து வந்த பிள்ளையைப் பார்த்த பிறகு அடுத்த வருஷம் நீங்களே டிக்கெட் எடுத்துக் கொடுப்பீர்கள். நான் பார்த்தவரை அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு பயாலஜியும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும். ரெண்டையும் சேத்து ஏதாவது பண்ணணும். என்ன கோர்ஸ் சார்?

கோர்ஸிலிருந்து ஆரம்பிக்காதே. உன்னை உறுத்துகிற ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பி. எந்தெந்தத் துறை வேண்டும் என்று அதுவே சொல்லும். உதாரணத்துக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. “என் ஊர்க் குளம் எங்கே உடைந்தது, ஏன் அங்கே உடைந்தது?” என்று கேட்டுப் பார். மழைக் கணக்குக்குப் புள்ளியியல் வேண்டும். மேட்டையும் பள்ளத்தையும் பார்க்கச் செயற்கைக்கோள் படமும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் வேண்டும், இரண்டும் இலவசம். மடை எங்கே இருந்தது, ஓடை எப்போது தூர்ந்தது என்று தெரிய பழைய நில வரைபடமும், மடை திறந்துவிட்ட நீர்பாய்ச்சியின் வாயும் வேண்டும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வரலாற்றுக்காரரின் பொறுமை வேண்டும். நாலு துறை வந்துவிட்டது, நீ தேடிப் போகாமலே.

ஆனால் நாலிலும் நீயே ஆளாக வேண்டியதில்லை. ஒன்றில் ஆழமாக நில். மற்றதில் அந்த ஆட்களோடு பேசும் அளவுக்குத் தெரிந்துகொள். உன் விஷயத்தில் உயிரியல் அடித்தளம் என்றால் அதோடு பைத்தான், ஆர் என்ற நிரல்மொழிகளில் ஒன்றைக் கற்றுக்கொண்டு, உன் சொந்தத் தரவிலேயே பயன்படுத்து. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலேயே கம்ப்யூட்டரை வைத்துக் கணிப்பு உயிரியல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறையோடு சேர்ந்து பழங்கால மரபணுவை ஆராய ஆய்வகம் அமைத்திருக்கிறார்கள். எலும்பும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜைக்கு வருகிற காலம் இது.

நான் பி.ஏ. தமிழ். இதெல்லாம் சயின்ஸ் பிள்ளைகளுக்குத்தான?

யார் சொன்னது? தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் வேறு எந்தச் சீமையில் இவ்வளவு உயிரோடு இருக்கின்றன? உன் ஊர்க் கோயில் கொடை விழாவில் பாடும் ஒரு கதையை முழுவதும் ஒலிப்பதிவு செய். பாடுகிறவரிடம் முதலில் அனுமதி கேள். அப்புறம் பதிவில் கேட்டபடியே எழுது, இலக்கணத் திருத்தம் வேண்டாம். பாடியவர், ஊர், கோயில், தேதி, எந்தப் பகுதியில் மகுடம் என்ற பறையின் அடி மாறியது, எல்லாவற்றையும் குறி. எழுதி முடித்ததும் ஓர் ஆராய்ச்சி அடித்தளம் உன் கையில் இருக்கும். தமிழ்ப் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க வேலை செய்கிறவர்களுக்கு வட்டாரப் பேச்சின் நல்ல எழுத்துவடிவம் எப்போதும் தேவை. அந்தப் பாலத்தில் சயின்ஸ் பிள்ளையைவிட உனக்குத்தான் முதல் இடம்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இரண்டையும் பார்த்து வை. முதுகலை முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனம் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. மாத உதவித்தொகையும் உண்டு. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் அதற்குக் குறைவாக விண்ணப்பிப்பது எனக்குப் புரியாத ஒன்று.

எம்.எஸ்சி.க்கு வேற துறைக்கு மாறிட்டா பின்னால வேலைக்குச் சிக்கல் வருமா?

வரலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ தனியார் வேலைக்கோ போகிறாய் என்றால் பட்டத்தின் பெயர் பெரிய தடை இல்லை. ஆனால் அரசுக் கல்லூரி, பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் கவனம் வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் பாடத்தின் பெயரைப் பார்க்கும். உன் பட்டம் அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருக்க வேண்டும். புதுப்பெயர் வைத்த கலப்புப் பட்டங்களில் பல பேர் அந்த இணைத்தன்மைக்காக அலைகிறார்கள். சேரும் முன்பே அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேள்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வும் அப்படித்தான். சிஎஸ்ஐஆர் நெட்டில் ஐந்தே பிரிவுகள். அதில் எதை எழுதுவாய் என்று எம்.எஸ்சி. சேரும்போதே யோசி. ஐஐடி மாதிரி இடங்களில் மேற்படிப்புக்கு எழுதும் கேட் தேர்வில் கொஞ்சம் தாராளம்; 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும், கலைப் பாடங்களும் சமூக அறிவியலும் சேர்ந்த தாளும் வந்திருக்கின்றன, இரண்டு தாள்கூட எழுதலாம். நெட் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் “இன்னும் எத்தன வருஷம் படிப்ப?” என்று கேட்டால் இந்த எண்ணைச் சொல்.

காட்டுக்குள்ள போய் நாலு சாம்பிள், நாலு போட்டோ எடுத்தா புராஜெக்ட் ஆயிடும்லா?

ஆகாது, வழக்கு வேண்டுமானால் ஆகும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஆராய்ச்சி செய்ய முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகும், ஒரு செமஸ்டர் புராஜெக்டுக்குக் கட்டாது. ஏற்கெனவே அனுமதி வாங்கி வேலை செய்கிற குழுவோடு சேர்ந்தால்தான் வழி. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் ஓட்டுச் சில்லைப் பொறுக்கிப் பையில் போடுவதும் அதே ரகம். அது பாதுகாக்கப்பட்ட இடம். சில்லைவிட அது கிடந்த இடம்தான் சேதி. எடுத்துவிட்டால் சேதி போய்விடும்.

அனுமதிச் சிக்கல் இல்லாதவை ஏராளம். பாளையங்கால்வாய், ஊர்க்குளம், கல்லூரி வளாக மரம், வீட்டு மாடி. படித்துறையில் தண்ணீர் எடுக்கிறாய் என்றால் நோட்டில் இப்படி எழுது: தேதி, நேரம், எந்தப் படித்துறை, எத்தனையாவது படியில் தண்ணீர் நின்றது, தண்ணீரின் வெப்பம், முந்தின நாள் மழை உண்டா, மேல்பக்கம் யாராவது துவைத்துக்கொண்டிருந்தார்களா. ஆக்சிஜன் அளவு காலைக்கும் மத்தியானத்துக்கும் மாறும். நேரம் எழுதாத எண்ணை ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாக அளந்தாலும் பிரயோஜனம் இல்லை.

பேப்பர் போட்டாத்தான் மதிப்பாமே? ரெண்டாயிரம் ரூபா கட்டினா ஒரு வாரத்துல போட்டுத் தாராங்களாம்.

மேலே தொள்ளாயிரம் ரூபாய்ச் சான்றிதழுக்குச் சொன்னதேதான். ஒரு வாரத்தில் வெளியிடுகிறார்கள் என்றால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். தெரிந்தவர் உன் ரெஸ்யூமேயில் அந்த இதழின் பெயரைப் பார்த்ததும் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார். நம்பத்தகுந்த இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025-ல் நிறுத்திவிட்டார்கள். இனி எது நல்ல இதழ் என்று நீயும் உன் கைடும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இளநிலையில் கட்டுரை இல்லாதது குறையே அல்ல. ஒழுங்காக எழுதிய இருபது பக்க அறிக்கை போதும்.

இன்டர்வியூல ரெண்டு துறைன்னு சொன்னா, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நெனைக்க மாட்டாங்களா?

“எனக்கு இரண்டிலும் ஆர்வம்” என்று சொன்னால் நினைப்பார்கள். துறையைச் சொல்லாதே, கேள்வியைச் சொல். “தாமிரபரணிக் கால்வாய்களில் கடைமடைக்குத் தண்ணீர் எந்த வாரம் போய்ச் சேருகிறது என்று பார்த்தேன், அதற்குப் புள்ளியியல் போதவில்லை, வரைபடம் கற்றுக்கொண்டேன், அடுத்து நீரியல் கற்க வந்திருக்கிறேன்” என்றால் அதில் எந்தக் குழப்பமும் இல்லை. பத்து வருஷத்தில் என்ன ஆவாய் என்று கேட்டால் பெரிய பதவிப் பெயர் வேண்டாம், எந்த வேலையைச் செய்துகொண்டிருப்பாய் என்று சொல்.

போன இடத்துல ரெண்டு மாசமும் எக்செல்ல டைப் அடிக்கத்தான் விட்டாங்க. வீணாப் போச்சு சார்.

டைப் அடித்ததில் என்ன பார்த்தாய் என்று முதலில் சொல். ஒரு மாணவியை மழைப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்ய உட்கார வைத்தார்கள். நாலுமுக்கு, ஊத்து மாதிரி மலை எஸ்டேட் நிலையங்களில் சில நாள் பூஜ்ஜியம், சில நாள் வெறும் கோடு. அவள் எல்லாவற்றையும் பூஜ்ஜியம் என்றே அடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது வாரம் சந்தேகம் வந்தது. கீழே மணிமுத்தாறில் கொட்டியிருக்கிறது, மேலே கோடு. அப்படியானால் மழை இல்லையா, அளக்க ஆள் இல்லையா? போய்க் கேட்டாள். கோடு என்றால் பதிவே இல்லை என்று தெரிந்தது. அடித்தது முழுவதையும் திரும்பச் சரிபார்த்தாள். பிறகு எத்தனை சதவீத நாட்களுக்குப் பதிவே இல்லை என்பதையே தன் அறிக்கையின் மையமாக வைத்தாள். நேர்முகத்தில் அவளிடம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

உனக்கும் அப்படி ஏதாவது தென்பட்டிருக்கும். ஒன்றுமே தென்படவில்லை என்றால், ஆமாம், வீண்தான். அடுத்த தடவை முதல் வாரத்திலேயே “இதோடு எனக்கு ஒரு சின்னக் கேள்வியும் கொடுங்கள்” என்று கேள்.

அங்க எடுத்த டேட்டாவ என் எம்.எஸ்சி. புராஜெக்டுல போட்டுக்கலாமா?

கேட்காமல் போடாதே. நீ கையால் அளந்திருந்தாலும், அங்கே அளந்தது அந்த நிறுவனத்தின் தரவு. கிளம்பும் முன்பே வழிகாட்டிக்கு ஒரு மெயில் அனுப்பு: எந்தத் தரவு, எதற்கு, யார் பெயரைக் குறிப்பிடுவேன் என்று. பதில் “சரி” என்று வந்தால் அந்த மெயிலை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக் கட்டு. வேண்டாம் என்றால் அதே முறையை வைத்து உள்ளூரில் புதிதாக அளந்துகொள்.

களக்குறிப்பு நோட்டு பெரும்பாலும் அவர்களுக்குத்தான் போகும். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேள். மகேந்திரகிரி மாதிரி இடங்களில் அதுவும் கிடையாது. அங்கே போகிறவர்கள் அறிக்கையை அங்கேயே எழுதி, சரிபார்த்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஆகவே கடைசி வாரத்தில் ஊருக்கு டிக்கெட் போடும்போது இரண்டு நாள் தள்ளிப் போடு.